மெலியும் உடலுக்கு "சோற்றைக் குறை" என்று சொல்லலாமா?

இயக்க நரம்பணு நோயும் இரத்தச் சீனியும்: தொலைக்காட்சிக் கருத்தரங்கப் பேச்சின் எழுத்து வடிவம்



இனிப்பு நீரைப் பற்றி நம்மவர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சோற்றைக் குறை, சீனியை விடு, எடையை இறக்கு, தினமும் நட. கிள்ளானிலும் பண்டமாரானிலும் பள்ளிப் பிள்ளைக்குக்கூட இது மனப்பாடம். 2023-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருக்கிறது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது அதிகம். அப்படிப்பட்ட சமூகத்தில் இந்த அறிவுரை எல்லார் வாயிலும் இருப்பது நல்லதுதான்.

ஆனால் ஒரு நோய் இருக்கிறது. அந்த நோய் வந்தவரிடம் இதே அறிவுரையைச் சொன்னால், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு கெடுதல் செய்துவிடுவோம். அதுதான் இயக்க நரம்பணு நோய். ஆங்கில எழுத்துகளால் எம்.என்.டி. என்பார்கள். அதன் முக்கிய வகைக்கு ஏ.எல்.எஸ். என்று பெயர். 2014-இல் உலகம் முழுக்கத் தலையில் பனிக்கட்டித் தண்ணீரை ஊற்றிக்கொண்டார்களே, நினைவிருக்கிறதா? அது இந்த நோய்க்கு நிதி திரட்டத்தான்.

இந்த நோயில் இரத்தச் சீனி என்ன ஆகிறது, அதை வீட்டில் எப்படிக் கவனிப்பது என்பதே இன்றைய பேச்சு.

முதலில், இது என்ன நோய்?

கையைத் தூக்கு, காலை எடுத்து வை, உணவை விழுங்கு, மூச்சை இழு என்று தசைகளுக்குக் கட்டளை கொண்டு செல்பவை இயக்க நரம்பணுக்கள். இந்த நோயில் அவை ஒவ்வொன்றாக மடிகின்றன. கட்டளை வராத தசை சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்கும் தசை கரைகிறது. பொதுவாக ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஓரிருவருக்கே புதிதாக வரும் அரிய நோய் இது. பலர் அறிகுறி தொடங்கிய மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகிறார்கள். விதிவிலக்கும் உண்டு. விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963-இல், 21 வயதில், இந்நோய் கண்டறியப்பட்டது. அவர் 2018-இல், 76-ஆம் வயதில்தான் காலமானார்.

தமிழர்களுக்கு இந்த நோயோடு தனித் தொடர்பு ஒன்றும் உண்டு. 1970-இல் சென்னை மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் இளம் வயதினரிடம் கண்ட ஒரு வகையை விவரித்தார்கள். கை கால் மெலிவோடு, முகத் தசைகள் தளர்வதும் காது கேளாமையும் அதில் சேர்ந்து வரும். ஆனால் நோய் மெதுவாகவே நகரும். மருத்துவ நூல்களில் இன்றும் அதற்கு "மெட்ராஸ் வகை" என்றே பெயர். மெதுவாக நகரும் நோய் என்றால் என்ன பொருள்? உணவையும் உடல் எடையையும் பல ஆண்டுகள் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று பொருள்.

சாப்பிட்ட சோறு எங்கே போகிறது?

சோறு, ரொட்டி, தோசை எதுவானாலும் வயிற்றில் குளுக்கோஸாக உடைந்து இரத்தத்தில் கலக்கிறது. அப்போது கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. உடலின் திசுக்கள் அந்த இன்சுலினுக்குச் செவிசாய்த்துக் குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அப்படி இழுத்துக்கொள்வதில் முதலிடம் யாருக்கு? நம் எலும்புகளை மூடியிருக்கும் தசைகளுக்கு. உடலின் பெரிய சீனிக் கிடங்கு தசைதான். அதனால்தான் மருத்துவர்கள் நடக்கச் சொல்கிறார்கள். தசை வேலை செய்தால் கிடங்கின் கதவு நன்றாகத் திறக்கும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கிடங்கே இடிந்துகொண்டு வந்தால்? வேலையே செய்யாமல் கதவு துருப்பிடித்துப் போனால்? வந்த சரக்கு தெருவிலேயே நிற்கும். அதாவது, குளுக்கோஸ் இரத்தத்திலேயே தங்கும்.

மூன்று கோளாறுகள்

முதல் கோளாறு, இன்சுலின் இருந்தும் வேலை நடப்பதில்லை. ஏ.எல்.எஸ். நோயாளிகளின் உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை என்று 1984-லேயே ஆய்வாளர்கள் எழுதினார்கள். குளுக்கோஸ் குடிக்கவைத்துச் செய்த பரிசோதனைகளில், முன்பு இனிப்பு நீர் இல்லாதவர்களிடமும் சீனி இறங்கத் தாமதமாவது தெரிந்தது. தசை கரைந்தது மட்டும் இதற்குக் காரணம் இல்லை. 2019-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். இந்நோயில் நரம்பணுக்குள் இடம் மாறிக் கெட்டுப்போகும் டி.டி.பி.-43 என்ற புரதம், கணையத்தின் இன்சுலின் சுரக்கும் அணுக்களிலும் பாதிக்கப்படுகிறது. சாப்பிட்டவுடன் சுரக்க வேண்டிய முதல் தவணை இன்சுலின் அதனால் குறைகிறது. நரம்பு நோய் என்று நாம் நினைப்பது கணையத்தையும் தொட்டுவிடுகிறது.

இரண்டாவது, நரம்பணுக்களுக்கே எரிபொருள் போதாமை. உடல் எடையில் சுமார் 2 விழுக்காடே இருக்கும் மூளை, உடலின் சக்தியில் சுமார் 20 விழுக்காட்டைச் செலவழிக்கிறது. 1987-இல் மூளைப் படம் எடுத்துப் பார்த்தபோது, ஏ.எல்.எஸ். நோயாளிகளின் மூளை வழக்கத்தைவிடக் குறைவாகக் குளுக்கோஸைப் பயன்படுத்துவது தெரிந்தது. இரத்தத்தில் சீனி மிதக்கிறது. ஆனால் பசித்த அணுவுக்கு அது போய்ச் சேரவில்லை. கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் வாளி ஓட்டையானால் என்ன பயன்?

மூன்றாவதுதான் பலரையும் வியக்கவைக்கும். தசை குறைந்த உடல், கட்டிலில் கிடக்கும் உடல், குறைவாகத்தானே சக்தியைச் செலவழிக்க வேண்டும்? பலரிடம் நடப்பது நேர்மாறு. 2018-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், ஏ.எல்.எஸ். நோயாளிகளில் 100-க்கு 41 பேரின் உடல் ஓய்விலும் அளவுக்கு மிஞ்சிச் சக்தியை எரித்தது. நோயற்றவர்களில் அப்படி இருந்தவர்கள் 100-க்கு 12 பேரே. அதிகமாக எரிப்பவர்களிடம் நோய் வேகமாக முற்றியது, ஆயுளும் குறைந்தது. ஒரு பக்கம் விழுங்க முடியாமல் சாப்பாடு குறைகிறது. மறுபக்கம் அடுப்பு கூடுதலாக எரிகிறது. எடை இறங்காமல் என்ன செய்யும்?

எடைதான் ஆயுள்

இதற்குத்தான் இவ்வளவு சுற்றி வந்தோம். இந்த நோயில் எடை இறங்குவது வெறும் அறிகுறி இல்லை. அதுவே ஓர் ஆபத்து. 2011-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வின்படி, நோய் கண்டறியப்படும் நேரத்தில் வழக்கமான எடையில் 5 விழுக்காட்டை இழந்தவர்களுக்கு மரண அபாயம் 30 விழுக்காடு கூடுகிறது. 60 கிலோ எடை உள்ளவருக்கு 5 விழுக்காடு என்றால் 3 கிலோ. நம் வீடுகளில் 3 கிலோ இறங்கினால், "பரவாயில்லையே, இளைத்துவிட்டீர்களே" என்று பாராட்டுவோம்!

அப்படியானால் நிறையச் சாப்பிட்டால் போதுமா? விலங்குகளில் நம்பிக்கை தெரிந்தது. 2004-இல், இந்நோய் உண்டாக்கப்பட்ட எலிகளுக்குச் சக்தி மிகுந்த தீனி கொடுத்தபோது ஆயுள் நீண்டது. 2014-இல் அமெரிக்காவில் வயிற்றுக் குழாய் வழி உணவு பெறும் நோயாளிகளிடம் சிறிய ஆய்வு ஒன்று நடந்தது. மாவுச்சத்தும் சக்தியும் மிகுந்த உணவை அவர்கள் நன்றாகத் தாங்கிக்கொண்டார்கள். ஆனால் அதில் பங்கேற்றவர்கள் சுமார் இருபது பேரே. 2020-இல் ஜெர்மனியில் 201 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், தினமும் கூடுதலாகக் கொழுப்புச் சத்து கொடுத்தும் மொத்தத்தில் ஆயுள் கூடவில்லை. நோய் வேகமாக முற்றியவர்களிடம் மட்டும் பலன் இருப்பதுபோல் தெரிந்தது.

ஆகவே, உணவு இந்த நோயைக் குணப்படுத்தும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் எடையை இழக்கவிடாதீர்கள் என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

இனிப்பு நீர் பாதுகாப்பா?

இன்னொரு செய்தியும் அவ்வப்போது காதில் விழும்: "இனிப்பு நீர் இருப்பவருக்கு இந்த நோய் வராதாம்." இது எங்கிருந்து வந்தது? 1982 முதல் 2009 வரை டென்மார்க்கில் ஏ.எல்.எஸ். கண்டவர்களை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு, அதுவும் வயதான காலத்தில் அது வந்தவர்களுக்கு, ஏ.எல்.எஸ். சற்றுக் குறைவாகவே வந்திருந்தது. ஆனால் அதே 2015-இல் தைவானில் செய்த ஆய்வு, இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு அபாயம் கூடுதல் என்றது. இளம் வயதிலேயே இன்சுலின் தேவைப்படுபவர்களுக்கு அபாயம் கூடுகிறது என்றது சுவீடன் ஆய்வு. இதை வைத்துக்கொண்டு சீனியை ஏற்றிக்கொள்ளலாம் என்று எவரும் முடிவு கட்டக்கூடாது.

இனிப்பு நீர் மாத்திரையே இந்த நோய்க்கும் மருந்தாகுமா என்றும் பார்த்தார்கள். பயோகிளிட்டசோன் என்ற மாத்திரை எலிகளுக்கு உதவியது. ஜெர்மனியில் 219 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது பலன் இல்லை. 2012-இல் அந்த முடிவு வெளியானது. எலிக்கு உதவியது எல்லாம் மனிதருக்கு உதவும் என்று சொல்ல முடியாது.

"எல்லாம் இனிப்பு நீரால்தான்"

பண்டமாரானில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 58 வயது அப்பாவுக்குப் பத்து ஆண்டுகளாக இனிப்பு நீர். சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. கால் தடுக்குகிறது. "சீனி ஏறியிருக்கும், அதான் நரம்புத் தளர்ச்சி" என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். சோறு பாதியாகிறது. எடையும் இறங்குகிறது. எல்லாரும் மகிழ்கிறார்கள். இப்படித்தான் மாதங்கள் ஓடிவிடும்.

வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். இனிப்பு நீரால் வரும் நரம்புப் பாதிப்பு பெரும்பாலும் இரு பாதங்களிலும் தொடங்கும். மரத்துப்போகும், எரியும், ஊசி குத்துவதுபோல் இருக்கும். இயக்க நரம்பணு நோயில் உணர்ச்சி பெரும்பாலும் கெடுவதில்லை, பலமே போகிறது. வலியில்லாமல் ஒரு கையோ ஒரு காலோ மெலிவது, தோலுக்கு அடியில் தசை துடிப்பது, பேச்சு குழறுவது, தண்ணீர் குடித்தால் புரையேறுவது, இவை தென்பட்டால் சீனியைக் குற்றம் சொல்லிக்கொண்டு காத்திருக்காதீர்கள். இனிப்பு நீரே தொடைத் தசைகளை வலியோடு மெலியவைக்கும் ஒரு நிலையும் உண்டு. அது பெரும்பாலும் நாளடைவில் தேறிவரும். எது எது என்று பிரித்துச் சொல்ல நரம்பியல் மருத்துவர் வேண்டும். பண்டமாரான் சுகாதாரக் கிளினிக்கில் உங்கள் மருத்துவரிடம் இந்த அறிகுறிகளைச் சொல்லுங்கள். கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.

மருந்தில் கவனிக்க வேண்டியவை

இரண்டு நோயும் உள்ளவருக்குப் பழைய மருந்துச் சீட்டையே ஆண்டுக்கணக்கில் தொடரக்கூடாது. ஏன் என்று பாருங்கள்.

எடையை இறக்கும் மருந்துகள்: சிறுநீர் வழியாகச் சீனியை வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்றவையும், பசியை அடக்கும் செமாகுளுடைட் போன்ற ஊசிகளும் பருமனானவர்களுக்கு வரப்பிரசாதம். மெலிந்துகொண்டிருப்பவருக்கு அவை எதிர்ப்பக்கம் இழுக்கும். முதல் வகை மாத்திரையில், சாப்பாடு குறையும்போது சீனி அளவு சாதாரணமாக இருந்தும் இரத்தம் அமிலமாகும் ஆபத்தும் உண்டு. மெட்ஃபோர்மின்கூடச் சிலருக்குப் பசியைக் குறைக்கும்.

சிறுநீரகக் கணக்கு: சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க கிரியேட்டினின் அளவை எடுக்கிறார்கள். அது தசையிலிருந்து வரும் கழிவு. தசை கரைந்தவருக்கு அது இயல்பாகவே குறைவாக இருக்கும். அதனால் சிறுநீரகம் நன்றாக இருப்பதுபோல் தாள் பொய் சொல்லும். மருந்தின் அளவு இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவாகிறது. சிஸ்டட்டின்-சி என்ற பரிசோதனை தசையை அவ்வளவாகச் சார்ந்ததில்லை. தேவையா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

சீனி இறங்கிவிடும் ஆபத்து: கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சரியாகச் சாப்பிட முடியாமல் போனால், சீனி 4-க்கும் கீழே இறங்கலாம். வியர்வை, நடுக்கம், குழறல் வரும். பேச முடியாதவர் அதை எப்படிச் சொல்வார்? குழறலை "நோய்தான்" என்று விட்டுவிடுவோம். சந்தேகம் வந்தால் உடனே விரலில் குத்திப் பாருங்கள். விழுங்கச் சிரமப்படுபவருக்குப் பதற்றத்தில் சீனித் தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். அவருக்கு என்ன கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள். நினைவு தடுமாறினால் வாயில் எதையும் கொடுக்காமல் 999-ஐ அழையுங்கள். வயிற்றுக் குழாய் வழி உணவு போகிறவருக்கு, உணவு நின்ற வேளையில் இன்சுலின் மட்டும் தனியே போகக்கூடாது.

அதற்காகச் சீனியை அவிழ்த்துவிடலாமா?

கூடாது. இரத்தச் சீனி சுமார் 10-ஐத் தாண்டும்போது பலருக்கு அது சிறுநீரில் ஒழுகத் தொடங்குகிறது. கஷ்டப்பட்டு விழுங்கிய சோறு கழிப்பறைக்குப் போகிறது. எடை இன்னும் இறங்கும், நீர் வற்றும், கிருமித் தொற்று சுலபமாக வரும். ஆகவே சீனியையும் பார்க்க வேண்டும், எடையையும் பார்க்க வேண்டும். இனிப்பு நீர் சிகிச்சையில் எல்லாருக்கும் ஒரே இலக்கு கிடையாது. இப்படிப்பட்டவருக்கு இலக்கைச் சற்றுத் தளர்த்தி வைப்பதே மருத்துவ வழக்கம். சாப்பாட்டைக் குறைப்பதைவிட, சாப்பாட்டுக்கு ஏற்ப மருந்தை மாற்றுவதே இங்கே வழி. தேவையானால் இன்சுலின் போட்டாவது அவரைச் சாப்பிடவையுங்கள். "ஊசி என்றால் கடைசிக் கட்டம்" என்ற பயத்தை விடுங்கள்.

சமையலறையில் என்ன செய்யலாம்? அளவைக் கூட்ட முடியாதவருக்குச் சத்தைக் கூட்டுங்கள். குழைந்த கஞ்சியில் முட்டையை அடித்துக் கலக்கலாம். பருப்பை நன்றாக மசித்து நெய் விடலாம். மீனை முள் நீக்கித் தேங்காய்ப்பாலில் மென்மையாக வேகவைக்கலாம். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு சிறு வேளைகளாகப் பிரிக்கலாம். டின் பால் தேநீரும் மைலோவும் சீனியைத் திடீரென்று ஏற்றும். எடைக்கு அவற்றையே நம்பியிருக்க வேண்டாம். வெறும் தண்ணீர் புரையேறினால், எவ்வளவு கெட்டியாக்குவது என்று விழுங்கும் பயிற்சியாளரிடம் கேளுங்கள். குழாய் வைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். மூச்சுப் பலம் நன்றாக இருக்கும்போது வைப்பதே பாதுகாப்பு.

கிளினிக்குக்குப் போகும்போது

ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் போதும். வாரம் ஒருமுறை எடை, சீனி அளவுகள், எந்த வேளை என்ன சாப்பிட்டார், எப்போது புரையேறியது என்று எழுதுங்கள். மருத்துவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். இவருடைய எடை எவ்வளவுக்குக் கீழே போகக்கூடாது? சீனி இலக்கு என்ன? இந்த மருந்துகளில் எடையை இறக்குவது எது? சாப்பிட முடியாத நாளில் எந்த மருந்தை நிறுத்த வேண்டும்? இனிப்பு நீர் மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் உணவியல் நிபுணரும் வேறு வேறு அறையில் இருப்பார்கள். அவர்களை இணைப்பது உங்கள் கையில் இருக்கும் அந்த நோட்டுப் புத்தகம்தான். மருத்துவரைக் கேட்காமல் எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இந்த நோயை அடியோடு போக்கும் மருந்து இன்னும் வரவில்லை. 1995-இல் அனுமதி பெற்ற ரிலுசோல், ஆயுளைச் சில மாதங்கள் நீட்டுகிறது. ஒரு குறிப்பிட்ட மரபணுக் கோளாறு உள்ள சிலருக்கு மட்டும் டோஃபெர்சென் என்ற மருந்து 2023-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. இவற்றை எழுதித் தருவது மருத்துவர் கையில். ஆனால் ஒரு கிலோ எடையைக் காப்பாற்றுவது நம் வீட்டுச் சமையலறையில் நடக்கிற காரியம். அடுத்த முறை உறவினர் வீட்டில் மெலிந்துபோன ஒருவரைக் கண்டு, "சீனி இருக்கிறதே, சோற்றைக் குறையுங்கள்" என்று சொல்ல வாய் வந்தால், முதலில் ஒன்றைக் கேளுங்கள்: "எடை எவ்வளவு இறங்கியிருக்கிறது? மருத்துவரிடம் சொன்னீர்களா?"